அவர் அடக்கி வாசித்த இடங்கள் எங்கே? ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்துக்குத் திறந்த மடல்

நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கும், ஆல்பத்தின் தயாரிப்பாளருக்கும், இறுதி ஒலியைச் சீர்செய்யும் மாஸ்டரிங் பொறுப்பில் இருந்தவருக்கும்,

நீங்கள் அண்மையில் வெளியிட்ட அந்த மூத்த ராக் கிட்டாரிஸ்டின் புதிய தனி ஆல்பத்தைப் பற்றித்தான் இந்த மடல். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், பல ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு தன் பெயரில் ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். அவர் கை எப்படி வாசித்ததோ அப்படி அது எங்களிடம் வந்து சேரவில்லை. ஒலி ஒரு மட்டத்துக்கு மேலே போகாமல் அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்கி, மெல்லிய இடம், உரத்த இடம் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குச் சீவி அனுப்பியிருக்கிறீர்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இது அவர்மேல் சொல்லும் குறையாகப் படிக்கப்பட்டுவிடும். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக கிட்டார் சொல்லித் தருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது என்னிடம் படிக்கும் பதினேழு வயதுப் பையன் ஒருவன். ஆல்பத்தின் ஏழாவது ட்ராக்கை அவனுக்குக் கொடுத்து, காதால் கேட்டே வாசித்துப் பழகிக்கொண்டு வா என்றேன். வாத்தியங்களின் கூட்டம் இல்லாமல், கிட்டார் மட்டும் தனியாகத் தொடங்கும் பாட்டு அது. ஒரு வாரம் கழித்து வந்தான். சுருதி, விரல் வைக்கும் இடம், இழுப்பு எல்லாம் சரியாகவே பிடித்திருந்தான். ஆனால் இரண்டாவது சுற்றில் ஒலி தெளிவிலிருந்து கரகரப்புக்கு மாறும் இடத்தில் நிறுத்திவிட்டு, "சார், இங்க ஏதோ பெடல் போடறார். அது என்ன பெடல்னு தெரிஞ்சா வாங்கிடுவேன்" என்றான்.

காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல் ஒன்றும் அங்கே இல்லை. நீங்களே வெளியிட்ட ஸ்டுடியோ வீடியோவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். வலது கையின் சுண்டுவிரல் கிட்டாரின் வால்யூம் குமிழில் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. வாசித்துக்கொண்டே, கம்பியை விட்டுக் கையை எடுக்காமல், அந்தக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழக்கம்; அவருக்கே தான் அதைச் செய்வது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அந்த வீடியோவுக்கும் நீங்கள் ஆல்பத்தின் இறுதி ஒலியைத்தான் ஒட்டியிருக்கிறீர்கள். அதனால் திரையில் குமிழ் திரும்புகிறது, காதில் ஒலி வளரவில்லை. கரகரப்பு மட்டும் வருகிறது. தூரத்திலிருந்து ஒருவர் நம்மை நோக்கி நடந்து வருவதுபோல இருக்க வேண்டிய இடம், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் சட்டை மாற்றிக்கொண்டதுபோல இருக்கிறது. பையன் பெடல் என்று நினைத்ததில் தப்பே இல்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்ட தடயத்தை வைத்து அவன் சரியாகத்தான் துப்பறிந்திருக்கிறான்.

இதே பாட்டை, ஆல்பம் வருவதற்கு முன்னால், அவர் மேடையில் வாசித்து நான் நேரில் கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் கம்பியில் விரல் உரசும் ஓசை கேட்கும் அளவுக்கு அடக்கி வாசித்தார். அரங்கில் இருமக்கூட யோசித்தோம். அப்புறம் ட்ரம்ஸ் நுழைந்தபோது அந்த முதல் அடி நெஞ்சில் விழுந்தது. உங்கள் ஆல்பத்தில் அதே முதல் அடி, கிட்டாருக்குப் பின்னால் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒலிக்கிறது. காரணம் எளிது. தனியாக வரும் கிட்டாரை ஏற்கெனவே உச்சி வரைக்கும் தூக்கிவிட்டீர்கள். ட்ரம்ஸ் வரும்போது அதற்கு மேலே ஏற இடமே இல்லை. லிமிட்டர் அந்த அடியின் தலையைக் கிள்ளிவிடுகிறது, கூடவே கிட்டாரையும் அமுக்குகிறது. சோலோ இன்னும் பரிதாபம். பாட்டிலேயே பெரிய இடமாக இருக்க வேண்டியது, எல்லா வாத்தியமும் சேர்ந்து முட்டிக்கொள்வதால், பாட்டிலேயே சின்ன இடமாகிவிட்டது.

இவை என் காதின் கற்பனையோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய காது, நம்ப முடியாது. சிடியைக் கணினியில் ஏற்றி அலைவடிவத்தைத் திறந்து பார்த்தேன். ஆறரை நிமிடப் பாட்டு, முதல் ஒன்றரை நிமிடத்தைத் தவிர மீதி முழுக்க நீளமான ஒரு செங்கல். பெரிதாக்கிப் பார்த்தால், மலைமுகடாக இருக்க வேண்டிய நுனிகள் எல்லாம் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோலத் தட்டை. அவருடைய பழைய தனி ஆல்பம் ஒன்றை, எண்பதுகளில் வந்தது, பக்கத்தில் வைத்து இரண்டின் சராசரி ஒலி அளவையும் சமமாக்கிக் கேட்டேன். பழையது ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்து நின்றது. புதியது ஸ்பீக்கர் வலைக்குப் பின்னாலேயே மூச்சு முட்டிக் கிடந்தது. பாதி ஆல்பம் தாண்டுவதற்குள் காது களைத்து, நிறுத்திவிட்டேன். அவருடைய ஆல்பத்தை நான் பாதியில் நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

ராக் இசை என்றால் சத்தம்தானே, இதில் என்ன அழுகை என்று உங்களில் யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டிஸ்டார்ஷன் என்ற அந்தக் கரகரப்பே ஒரு வகைக் கம்ப்ரஷன், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பை அதன் எல்லைக்கு மேலே தள்ளினால் அதுவே அலையின் தலையை மழித்து, மெல்லியதையும் உரத்ததையும் நெருக்கமாகக் கொண்டுவரும். முழு டிஸ்டார்ஷனில் பவர் கார்டு என்ற ஸ்வரக்கூட்டை அடித்துக்கொண்டே போகும் இருபது வயதுக்காரரின் ஆல்பத்தை நீங்கள் இப்படி நசுக்கினால் நஷ்டம் அவ்வளவு பெரிதில்லை. அங்கே ஆம்ப் ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருக்கும். ஆனால் இவர் வாசிப்பது அந்த எல்லைக்கோட்டின் மேலே நின்றுகொண்டு. குமிழ் நாலில் இருந்தால் ஆம்ப் தெளிவாகப் பேசும், ஏழில் உறுமத் தொடங்கும், பத்தில் கத்தும். அதே நாலில் விரல் நகத்தால் அழுத்தி மீட்டினால் ஒரு நொடிக்கு உறுமிவிட்டு அடங்கும். தெளிவான ஒலியில் மீட்டிய கணத்தின் வீச்சு, அதைத் தொடர்ந்து நிற்கும் நாதத்தைவிடப் பல மடங்கு உயரமாக இருக்கும். லிமிட்டர் முதலில் பிடுங்குவது அந்த முதல் கணத்தைத்தான். அதாவது, விரல் கம்பியைத் தொட்ட கணத்தை.

வயது ஏற ஏற கிட்டாரிஸ்டுகளுக்கு வேகம் குறையும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வேகம் போன இடத்தில் தொடுகை வந்து உட்காரும். பிரிட்டிஷ் ராக் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில், கம்பியை மீட்டும் சில்லான பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் வாசிக்கத் தொடங்கினார். சுண்டுவிரல் வால்யூம் குமிழில், உள்ளங்கை சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ கம்பியில். 2023 ஜனவரியில் தன் 78ஆம் வயதில் இறக்கும் வரை அவர் வாசிப்பு முழுவதும் அந்த ஒரு கையின் அழுத்தத்தில்தான் இருந்தது. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு அரங்கத்தைக் கட்டிப்போட்டதும் அது எவ்வளவு மெல்ல, எவ்வளவு உரக்க என்ற கணக்கை வைத்துத்தான். உங்கள் கிட்டாரிஸ்டும் இந்த ஆல்பத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். முப்பது வயதில் முப்பது ஸ்வரம் வாசித்த இடத்தில் இப்போது நாலு வாசிக்கிறார். அந்த நாலும் ஒரே உயரத்தில் வந்தால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? கிழவருக்குக் கை போய்விட்டது என்றுதான் தோன்றும். அப்படித்தான் சிலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இதை உங்கள் நிறுவனத்துக்கு முதலில் தனியாகத்தான் எழுதினேன். மூன்று வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. கலைஞரின் முழு ஒப்புதலோடு வெளியானது, இன்றைய கேட்கும் சூழலுக்கு ஏற்ப மாஸ்டரிங் செய்யப்பட்டது, கூடுதல் தரம் வேண்டுவோர் ஹை-ரெஸ் என்ற உயர்தரக் கோப்பையோ வினைல் இசைத்தட்டையோ வாங்கிக்கொள்ளலாம். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

ஒப்புதல். அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு "சரி" என்றிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் எதை எதனோடு ஒப்பிட்டுக் கேட்டார்? ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்துப் போட்டால், கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் யாருக்கும் நன்றாகத் தோன்றும். உரக்கக் கேட்கும்போது காது தாழ்ந்த ஒலிகளையும் கூர்மையான ஒலிகளையும் கூடுதலாகப் பிடிக்கிறது. 1933இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம். அதனால்தான் ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் முதலில் சமமாக்க வேண்டும் என்பது உங்கள் தொழிலின் அரிச்சுவடி. அப்படிச் சமமாக்கி அவருக்குக் காட்டினீர்களா? இன்னொன்றும் இருக்கிறது, தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அந்தத் தலைமுறையில் பலர் ஆம்ப் அடுக்குகளுக்கு முன்னால் வாழ்நாளைக் கழித்தவர்கள். பீட் டவுன்ஷெண்ட், எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக் எல்லோருமே காது இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். உங்கள் கலைஞரின் காது எப்படி என்று எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. ஆனால் எழுபதைத் தாண்டிய ராக் இசைக்காரரிடம் ஒரு தலையாட்டல் வாங்கிவிட்டு, பொறுப்பு முழுவதையும் அவர் தோளில் இறக்கி வைப்பது நியாயமில்லை. அவர் காதுக்குத் துணையாக இருக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?

இன்றைய கேட்கும் சூழல். பேருந்து இரைச்சலில், சின்ன இயர்போனில் கேட்பவர்களுக்கு மெல்லிய இடம் காணாமல் போகும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி கேட்பவரின் கருவியிலேயே இருக்க முடியும். ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக் கொடுக்கும் வசதி பல செயலிகளிலும் கருவிகளிலும் உண்டு. வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் வெட்டி எறிந்ததைத் திரும்ப ஒட்டும் பொத்தான் எதிலும் கிடையாது. அதோடு, இந்தச் சத்தப் போட்டியில் ஜெயித்தாலும் இப்போது பரிசு இல்லை. ஒலியின் உரப்பை அளக்கும் பொது அளவுகோல் 2006இலேயே வந்துவிட்டது, பி.எஸ்.1770 என்று பெயர். ஸ்பாட்டிஃபையில் வழக்கமான அமைப்பில் கேட்டால் எல்லாப் பாட்டையும் அந்த அளவுகோலின் அலகில் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற மட்டத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிடும். உங்கள் ஆல்பம் மைனஸ் 7இல் இருந்தால் அது 7 டெசிபல் கீழே இறக்கப்படும். பக்கத்தில் வரும், நசுக்கப்படாத பாட்டு அதே மட்டத்தில் உயிரோடு நிற்கும். உங்களுடையது சோர்ந்து தெரியும். யாரை முந்த இவ்வளவு பாடுபட்டீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

அப்புறம், ஹை-ரெஸ், வினைல். இரண்டையும் வாங்கினேன். 24 பிட் கோப்பைத் திறந்தால் அதே செங்கல், கூடுதல் விலைக்கு. 16 பிட் சிடிக்கே மெல்லியதற்கும் உரத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடம் உண்டு. 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. நீங்கள் அதில் மேல் விளிம்பை ஒட்டிய ஒரு சின்னப் பட்டையில்தான் முழு ஆல்பத்தையும் ஓட்டுகிறீர்கள். பத்து அறை வீட்டை வாடகைக்குக் கொடுத்து, வாசல் திண்ணையில் மட்டும் படுத்துக்கொள்ளச் சொல்வதுபோல. வினைலிலும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏற்ற இறக்கத்தை அளக்கும் டி.ஆர். மீட்டர் வினைலுக்கு நல்ல எண்ணாகத்தான் காட்டுகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். நசுக்கிய கோப்பிலிருந்தே வெட்டினாலும் இசைத்தட்டில் ஊசி ஓடும்போது அந்த எண் கூடித்தான் காட்டும். மீட்டரை விடுங்கள், ட்ரம்ஸின் முதல் அடியைக் கேளுங்கள்.

இது புதிய குற்றச்சாட்டும் இல்லை. ரஷ் குழுவின் 2002 ஆல்பமான 'வேப்பர் ட்ரெயில்ஸ்' இப்படித்தான் காதைக் கீறும் ஒலியோடு வந்தது. அதில் வாசித்தவர்களே ஒலி சரியில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2009இல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாட்டுகளை மறுபடி மிக்ஸ் செய்தார்கள், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைப் புதிதாகக் கலந்தார்கள். 2013இல் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்து கொடுத்தார். பதினோரு ஆண்டுகள் ஆயின. 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, சிடியைவிடக் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அதே பாட்டுகள் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். விளையாட்டுப் பொம்மைக்குக் கிடைத்த மரியாதை ஆல்பத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு மனுப் போட்டார்கள். அதே ஆண்டில் கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'சைனீஸ் டெமாக்ரஸி'க்கு மாஸ்டரிங் செய்த பாப் லட்விக் மூன்று வடிவங்கள் கொடுத்தார். குழு தேர்ந்தெடுத்தது ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்ததை. கொடுத்ததால் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் கிட்டாரிஸ்டுக்கு மூன்று வேண்டாம், இரண்டு கொடுத்தீர்களா?

இன்னொரு சின்னக் குறை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமிங்கில் இந்த ஆல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தவர் யார், பேஸ் யார், மாஸ்டரிங் யார் என்று எங்கும் இல்லை. மாஸ்டரிங் செய்தவருக்கு இப்போது அது வசதியாகக்கூட இருக்கலாம். ட்ரம்ஸ் வாசித்தவருக்கு இரட்டை நஷ்டம்.

மாஸ்டரிங் செய்தவரே, உங்களைத் தனியாகவும் ஒன்று கேட்க வேண்டும். மிக்ஸ் உங்கள் மேசைக்கு வரும்போதே நசுங்கித்தான் வந்ததா? டெத் மேக்னெட்டிக் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று அதற்கு மாஸ்டரிங் செய்தவரே சொன்னார். உங்களுக்கும் அதுதான் நேர்ந்தது என்றால், தயங்காமல் சொல்லுங்கள். உங்கள்மேல் வைத்த குறையை நான் இதே இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கீழே வரும் கோரிக்கைகளைத் தயாரிப்பாளரிடம் மாற்றிக்கொள்கிறேன்.

நான் கேட்பவை இவை. லிமிட்டருக்கு முந்தைய மிக்ஸ் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்; இருந்தால் அவற்றின் மேல் இன்னொரு தடவை கை வைக்காமல் காப்பகத்தில் வையுங்கள். அவற்றிலிருந்து, மீட்டிய கணமும் ட்ரம்ஸ் அடியும் வெட்டுப்படாத ஒரு புதிய மாஸ்டரைச் செய்யுங்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு, சிடியோ கோப்போ வினைலோ எதுவானாலும், அதை இலவசமாகத் தரவிறக்கக் கொடுங்கள். ஓராண்டு கழித்து 'டீலக்ஸ்', 'ஆடியோஃபைல்' என்று புது அட்டை போட்டு அதையே எங்களிடம் மறுபடி விற்காதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் இப்போதிருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள், வாசித்தவர்கள் பெயரோடு. அடுத்த முறை வினைல் அச்சிடும்போது அந்த மாஸ்டரிலிருந்தே வெட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள், செலவே இல்லை. ஏழாவது ட்ராக்கின் இரண்டு வடிவங்களையும், எது எது என்று சொல்லாமல், ஒலி அளவைச் சமமாக்கி அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் ஒன்றரை நிமிடமும் ட்ரம்ஸின் முதல் அடியும் போதும். எது தான் வாசித்தது என்று அவரையே கேளுங்கள். அவர் சொன்ன பதிலை எங்களுக்கும் தெரிவியுங்கள். இப்போதிருப்பதைத்தான் காட்டினார் என்றால் மற்ற கோரிக்கைகள் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம், நான் என் மாணவனிடம் பெடல் வாங்கச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்பத்தை மூன்று வடிவத்தில் வாங்கிய ஒரு கிட்டார் ஆசிரியர்